சீஸ் அறையின் வெளித்தாழ்ப்பாள்

அண்ணன் மகளுக்கு மெல்பர்னில் வளைகாப்பு. அந்தச் சாக்கில்தான் நான் ஆஸ்திரேலியா போனேன். திண்டுக்கல் அரசுப் பள்ளியில் முப்பது வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். என் கணவர் விமானத்தைத் தரையில் நிற்கும்போது பார்த்தாலே வியர்ப்பவர். "நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு, நானே பார்த்த மாதிரி ஆயிடும்" என்று பெட்டியைத் தூக்கிக் கொடுத்து வழியனுப்பினார்.

மெல்பர்ன் புறநகரான கிரெய்கிபர்னில், கார் நிறுத்தும் கொட்டகையில் வளைகாப்பு நடந்தது. கண்ணாடி வளையல்கள் யாருடைய பெட்டியிலோ காலுறைக்குள் சுருட்டப்பட்டு வந்திருந்தன. புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் எல்லாம் அந்தக் குளிரில் ஒரே வேகத்தில் விறைத்துப்போயின. பெண்கள் கர்ப்பிணியைச் சுற்றிப் பாடினோம். ஆண்கள் கூட்டமாக நின்று விசாவைப் பற்றிப் பேசினார்கள். அந்த ஊரில் தமிழர்கள் கூடினால் வானிலைக்கு முன்னால் விசாதான் வருகிறது.

மறுநாள் என்னை எங்கே கூட்டிப்போகலாம் என்று ஆலோசனை நடந்தது. பென்குயின், கடற்கரை, கங்காரு என்று பட்டியல் போட்டார்கள். நான் பழைய வீடு ஏதாவது பார்க்கவேண்டும் என்றேன். "அத்தை, பழைய வீடு பார்க்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க? நம்ம ஊர்ல இல்லாததா?" என்றார் அண்ணன் மகளின் கணவர். நம் ஊரில் பழைய வீட்டை இடித்துவிடுகிறோம், இவர்கள் டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள், அதைத்தான் பார்க்கவேண்டும் என்றேன்.

அப்படிப் போனது நகரத்துக்குள் ஒரு சின்னக் கல் வீடு. முதலில் குடியேறிய வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றுடையது. கட்டில், கடிகாரம், குழந்தையின் செருப்பு வரை அப்படியே வைத்திருந்தார்கள். வழிகாட்டி அம்மாள் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த நீலப் பீங்கான் கிண்ணத்தைக் காட்டினார். அதில் பொன்னெழுத்தில், 'கிழக்கிந்தியச் சீனி, அடிமைகள் செய்யாதது' என்று எழுதியிருந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளை வைத்துச் சீனி செய்ததால், அதைத் தொடமாட்டோம் என்று இங்கிலாந்துப் பெண்கள் அந்தக் காலத்தில் உறுதி எடுத்தார்களாம். விருந்தாளிக்குத் தெரியும்படி இந்தக் கிண்ணத்தை மேசை நடுவில் வைப்பார்களாம்.

அடிமை ஒழிப்பை நான் முப்பது வருடமும் இரண்டு மதிப்பெண் கேள்வியாக நடத்தியவள். அதற்குள் ஒரு சீனிக் கிண்ணம் இருப்பது எனக்குத் தெரியாது. "அப்படியானால் கிழக்கிந்தியாவில் அந்தச் சீனியைச் செய்தவர்கள் யார்? அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்?" என்று கேட்டேன்.

"மிக நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். அந்த நாட்டில் நல்ல கேள்வி என்றால் பதில் இல்லாத கேள்வி என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். திரும்பும்போது தவறான ரயிலில் ஏறி, ஊருக்கு நேர் எதிர்த்திசையில் ஒரு பூங்காவைப் பார்த்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் அந்தக் கிண்ணம்தான் மனதில் சுற்றியது.

நான்காம் நாள் சிட்னியில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன். மகன் பிரபு டூங்கபியில் இருக்கிறான். கணினி வேலை. வீட்டிலேயே இருக்கிறான், ஆனால் வீட்டில் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ ஆங்கிலத்தில் "பார்த்துவிடலாம், பார்த்துவிடலாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பான். தோட்டத்தின் பின்பக்கத்தில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு விட்டிருந்தான். அதில் குடியிருந்தவள்தான் பவானி.

பவானிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். இலங்கையில் வவுனியாக்காரி. பன்னிரண்டு வருடம் முன்பு தம்பியோடு படகில் வந்தவள். வந்ததும் ஒரு தடுப்பு முகாமில் வைத்திருந்து, பிறகு தற்காலிக விசா கொடுத்து வெளியே விட்டிருக்கிறார்கள். இன்றுவரை அதுவேதான். வேலை செய்யலாம், வரி கட்டலாம். ஊருக்குப் போனால் திரும்பி வரமுடியாது. ஆறு வயதில் அக்காவிடம் விட்டுவந்த மகளுக்கு இப்போது பதினெட்டு. இதையெல்லாம் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, கடைக்குப் போய்வந்த கதையைப் போல முதல் நாளே சொல்லி முடித்தாள்.

நான் பழைய வீடுகளைப் பற்றிப் பேசியதும் நிமிர்ந்தாள். "அக்கா, நான் வேலை செய்யிறதே அப்பிடி ஒரு பழைய வீட்டிலதான். பரமட்டாவுக்கு அங்கால. வாங்கோ, வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போறன். திறப்பு என்னட்டைத்தான் இருக்கு."

திறப்பு விழா ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பட்டுப்புடவை கட்டட்டுமா என்று கேட்டேன். பவானி சிரித்த சிரிப்பில் பிரபு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். அவர்கள் தமிழில் திறப்பு என்றால் சாவி.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பேருந்தில் போனோம். அங்கே இறங்குகிற ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறார்கள். நானும் சொன்னேன். ஓட்டுநர் மிகவும் சந்தோஷமாகக் கையசைத்தார். திண்டுக்கல்லில் இதைச் செய்தால், "ஏன்மா, சில்லறை பாக்கியா?" என்பார்கள்.

வீடு அழகான வீடு. மணற்கல் சுவர், நீண்ட தாழ்வாரம், முன்னால் ஒரு பெரிய அத்திமரம். இதைக் கட்டியவர் செம்மறியாட்டுப் பண்ணை வைத்திருந்த பெரிய மனிதர். அடிமை முறையை எதிர்த்துக் கூட்டம் கூட்டமாகப் பேசியவர். அவருடைய பேச்சு ஒன்றைச் சட்டம் போட்டு முன்கூடத்தில் மாட்டியிருந்தார்கள். பவானி ஏழு மணிக்கே உள்ளே போய், நான் மரத்தடியில் காத்திருக்கும்போதே வேலையை முடித்திருந்தாள். நான் பத்து மணிச் சுற்றுலாவுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டேன். பேருந்தில் ஒரு முதியோர் சங்கமே வந்து இறங்கியது. இருபது பேர், இருபது குளிர்த்தொப்பிகள்.

வழிகாட்டி டக் என்ற கிழவர். தங்கமான மனிதர், ஆனால் அன்றைக்குத் தொண்டை கட்டிக்கொண்டு குரலே இல்லை. அந்த நிலத்தின் ஆதிக்குடிகளுக்கு மரியாதை செலுத்தித்தான் அங்கே எதையும் தொடங்குவார்கள். அவர் அதைச் சொன்னது வாயசைவில்தான் தெரிந்தது. அதன் பிறகு அந்த ஆதிக்குடிகள் நாற்பது நிமிடம் எந்த அறையிலும் தென்படவில்லை என்பது வேறு விஷயம்.

பின்வரிசையில் ஒருவர், "கேட்கவில்லை!" என்றார். டக் இன்னும் முயன்றார், காற்றுதான் வந்தது. அறுபது பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை என்னுடையது. சும்மா இருக்க முடியவில்லை. "இவர் மாடிப்படி தேவதாரு மரம் என்கிறார்!" என்று எடுத்துக் கொடுத்தேன். இருபது தொப்பிகளும் என் பக்கம் திரும்பின. டக் கையெடுத்துக் கும்பிடாத குறை. அதற்குப் பிறகு அவர் என் காதில் சொல்ல, நான் வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்ல, ஊர்வலம் நன்றாக நடந்தது. என் ஆங்கிலம் பாடப்புத்தக ஆங்கிலம். ஒவ்வொரு வாக்கியத்தையும் தேர்வில் எழுதுவது போல முடிப்பேன். அவர்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு சின்ன அட்டை. அடிமை முறை ஒழிந்த பிறகு பண்ணை வேலைக்கு ஆள் தட்டுப்பாடு வந்ததால், இந்தியாவிலிருந்து கூலிகள் ஒப்பந்தத்தின் பேரில் கப்பலில் வரவழைக்கப்பட்டார்கள் என்று ஒரே ஒரு வரி. பெயர்கள் இல்லை. அதில் தமிழர் யாராவது உண்டா என்று டக்கைக் கேட்டேன். உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் முதலில் நம் ஆள் உண்டா என்று தேடும் வியாதி எனக்கும் உண்டு. தெரியாது, வட இந்திய மலைப்பக்கத்து ஆட்கள் என்று கேள்வி என்றார் அவர். அந்த ஒப்பந்தத்தைப் பற்றி நான் படித்திருக்கிறேன். ஆள் பாதியில் கிளம்பினால் சிறை. இது வேறு பெயரில் அடிமைத்தனம்தான் என்று அந்தக் காலத்திலேயே எதிர்த்துப் பேசியவர்கள் இருந்தார்கள். இந்தப் பெரிய மனிதர் அந்தப் பக்கம் இல்லை போலிருக்கிறது.

கடைசியாகப் பின்கட்டுக்கு வந்தோம். பவானி வாளியும் துடைப்பமுமாக ஒரு ஓரத்தில் எனக்காகக் காத்திருந்தாள். சமையலறைக்கு அடுத்து ஓர் இருட்டறை. டக் என் காதில், "இது சீஸ் அறை. குளிர்ச்சியாக இருப்பதால் சீஸும் வெண்ணெயும் வைப்பார்கள்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பவானியின் குரல் தமிழில் வந்தது.

"சீஸுக்கு ஏன் அக்கா யன்னலுக்குக் கம்பி? கதவுக்கு வெளியால தாழ்ப்பாள் வேற. சீஸ் தப்பி ஓடிப்போயிடுமோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன், திருட்டு பயமா இருக்கும்" என்றேன்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். பிறகு முழங்காலில நிண்டு நிலம் துடைக்கேக்குள்ள பார்த்தன். அந்த மூலையில, நிலத்திலயிருந்து ஒரு சாண் உயரத்தில, சுவரில கோடு கோடாக் கீறியிருக்கு. நாலு கோடு, குறுக்கால ஒண்டு. நாலு கோடு, குறுக்கால ஒண்டு. நிண்டுகொண்டு ஒருத்தரும் அதைக் கீறேலாது. படுத்திருக்கிற ஆளுக்குத்தான் அது கையெட்டும்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"ஆரிட்டைச் சொல்லுறது? நான் துடைக்க வந்தனான்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எனக்கு உடன விளங்கினது அக்கா. முகாமில நாங்களும் இப்பிடித்தான் கீறினனாங்கள்."

இருபது பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீஸ், வெண்ணெய் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். டக்கும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் ஆசிரியர் புத்தி. "இந்த அறையைத் தினமும் துடைப்பவர் ஒன்று சொல்கிறார்" என்று ஆரம்பித்து, பவானி சொன்னது அத்தனையையும் பாடப்புத்தக ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிவிட்டேன். முகாமை மட்டும் விட்டுவிட்டேன்.

பிறகு ஊன்றுகோலோடு ஒரு பச்சைத் தொப்பி அம்மாள் முன்னால் வந்தார். "இது என் கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் கட்டிய வீடு. அவர் அடிமை முறைக்கு எதிராகப் போராடியவர். எங்கள் குடும்பத்தில் இதைச் சீஸ் அறை என்றுதான் சொல்வோம். சின்ன வயதில் நான் இங்கே ஒளிந்து விளையாடியிருக்கிறேன்" என்றார். குரலில் கோபமா வருத்தமா என்று பிடிபடவில்லை.

பவானி என்னைப் பார்த்த பார்வையில், 'ஏன் அக்கா வாயைத் திறந்தீங்கள்' என்பது தெளிவாக இருந்தது. ஆனால் அவள் நகர்ந்து போகவில்லை. தான் முழங்காலுக்கு வைத்துக்கொள்ளும் ரப்பர் மெத்தையை மூலையில் போட்டாள். கைப்பேசி வெளிச்சத்தைச் சுவரில் பக்கவாட்டாகப் பிடித்தாள். "இதில் மண்டியிட்டுப் பாருங்கள்" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்.

அந்த எண்பது வயது அம்மாள் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். வெள்ளையடித்த சுவரில், சாய்ந்த வெளிச்சத்தில், கோடுகள் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தன. ஒரு கட்டு, இரண்டு கட்டு, வரிசையாக, சுவர் திரும்பும் இடம் வரைக்கும். அவர் விரலை அருகில் கொண்டுபோய், தொடாமல் நிறுத்திக்கொண்டார். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. மூன்று பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. தொப்பியை நேராக்கிக்கொண்டு, பவானியிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் பேருந்துக்குப் போய்விட்டார்.

சாயங்காலமே அந்த வீட்டின் பொறுப்பாளர் ஹெலனிடமிருந்து பவானிக்குக் குறுஞ்செய்தி வந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் என்னைப் பாருங்கள். அவ்வளவுதான்.

பிரபு என்னைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டான். "அம்மா, உனக்கு இது டூர். அவங்களுக்கு இது வேலை. ஒரு கம்ப்ளைன்ட் போனா அவங்க விசாவுக்கு என்ன ஆகும்னு அவங்க எவ்ளோ பயப்படுவாங்க தெரியுமா? நீ பாட்டுக்கு கிளாஸ் எடுத்துட்டு வந்திருக்க."

வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பாடத்தைச் சரியாக நடத்தியதற்காக வெட்கப்பட்டேன்.

சனிக்கிழமை மன்னிப்புக் கேட்கத் தோட்டத்துக்குப் போனேன். பவானி தன் சமையலறையில் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். நான் ஆரம்பித்ததுமே, "அக்கா, முதல்ல கதிரையில இருங்கோ" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். தட்டில் புட்டு, மேலே கத்தரிக்காய்ப் பால்கறி, ஓரத்தில் உறைப்பான சம்பல். நான் கண்ணீர் விட்டுக்கொண்டு சாப்பிட்டேன். பாதி வருத்தம், பாதி மிளகாய்.

"பயமாத்தான் இருக்கு" என்றாள் அவள். "வேலை போனா வேற தேடலாம். ஆனா ஒண்டு சொல்லுறன் அக்கா. நாலு வருசமா அந்தக் கோடுகளை நான் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தனான். துடைக்கேக்குள்ள அந்த மூலையில மட்டும் தண்ணி கூடப் படாமல் துடைப்பன், அழிஞ்சிடும் எண்டு. இப்ப இருபது பேருக்குத் தெரியும். அது எனக்கு ஒரு நிம்மதி."

ஞாயிற்றுக்கிழமை பிரபு என்னைச் சமாதானப்படுத்த ஓபரா ஹவுஸுக்குக் கூட்டிப்போனான். நான் என்ன பார்த்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வெள்ளையாக இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் வரை நான் வாசலுக்கும் தோட்டத்துக்குமாக நடந்தேன். பவானி வந்தாள். முகத்தில் சிரிப்பா என்று தெரியவில்லை.

"வேலை போயிடுச்சா?"

"இல்லை அக்கா. அந்தப் பச்சைத் தொப்பி அம்மா ஈமெயில் போட்டிருக்கிறா. அந்த அறையை நல்லாச் சோதிக்கச் சொல்லி. தன்ர வீட்டில பழைய கடிதங்கள் ஒரு பெட்டி இருக்காம், அதையும் தாறன் எண்டு சொல்லியிருக்கிறா. ஹெலன் என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தானும் குனிஞ்சு பார்த்தவ. நிபுணர் வந்து பார்த்துச் சொல்லும்வரைக்கும் நிச்சயமா ஒண்டும் சொல்லேலாதாம். இப்போதைக்குக் கதவில இருக்கிற பேர்ப்பலகையை மாத்துவினம்."

"என்னன்னு?"

"'சீஸ் அறை' எண்டதுக்குப் பக்கத்தில ஒரு கேள்விக்குறி."

வரலாற்றுத் துறையில் இது பெரிய முன்னேற்றம் என்று அவளிடம் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். ஒரு கேள்விக்குறியைப் போட வைக்கச் சிலருக்கு ஒரு ஆயுள் ஆகிறது.

"இன்னும் இருக்கு" என்றாள். "மாசத்துக்கு ஒருக்கா அந்த அறையைப் பற்றி நான் ஆக்களுக்குக் கதைக்கோணுமாம். எப்பிடிக் கண்டுபிடிச்சனான் எண்டு. சனம் வருமாம். நல்லது, எவ்வளவு தருவீங்கள் எண்டு கேட்டன். இஞ்ச வழிகாட்டிகள் எல்லாரும் தொண்டர்கள், சம்பளம் இல்லை எண்டு ஹெலன் சொன்னவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"துடைக்கிறதுக்குச் சம்பளம் தாறீங்கள், கதைக்கிறதுக்கு இல்லையோ எண்டு கேட்டன். அதுவும் இந்த அறையில நிண்டு சும்மா வேலை செய்யச் சொல்லுறீங்களோ எண்டும் கேட்டன்." பவானி தலையில் கை வைத்துக்கொண்டாள். "எனக்கு எங்கயிருந்து அந்த வாய் வந்தது எண்டு தெரியாது அக்கா. ஹெலன்ட முகம் தக்காளி மாதிரிச் சிவந்துபோச்சுது. மேலிடத்தில கேட்டுச் சொல்லுறன் எண்டவ. நல்ல மனுசி, பாவம்."

மேலிடம் இரண்டு வாரம் யோசித்தது. அதற்குள் நான் பக்கத்துப் பகுதியான கிரவீனில் நான்கு பேர் வீட்டில் விருந்து சாப்பிட்டேன். நான்கு இடத்திலும் என் புடவையைப் புகழ்ந்துவிட்டு, ஊரில் மனை என்ன விலை என்று கேட்டார்கள். பதினைந்தாம் நாள் பதில் வந்தது. துடைப்பதற்குக் கொடுக்கும் மணிக்கூலியைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை, பவானியின் முதல் பேச்சு. காலையிலிருந்து மழை. ஆனாலும் முப்பது பேர் வந்திருந்தார்கள். டக் குரல் திரும்பி, முன்வரிசையில் நின்றார். பச்சைத் தொப்பி அம்மாளும் வந்திருந்தார். இன்னும் பவானியிடம் பேசவில்லை, ஆனால் மடக்கு நாற்காலி ஒன்றைத் தானே கொண்டுவந்து அந்த மூலைக்கு எதிரில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பவானி கறுப்புச் சட்டை போட்டிருந்தாள். கையில் தாள் எதுவும் இல்லை. ஆங்கிலத்தில்தான் பேசினாள், நிதானமாக. "என் பெயர் பவானி. இந்த அறையில் இருந்தவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அதனால் அவர்களைப் பற்றித் தெரிந்தது போலப் பேசமாட்டேன். இந்தக் கோடுகளை நான் எப்படிப் பார்த்தேன் என்று மட்டும் சொல்கிறேன்" என்று ஆரம்பித்தாள். நான் சொல்லாமல் விட்ட முகாமையும் அவளே சொன்னாள். ஒருவர், அவர்கள் எதை எண்ணியிருப்பார்கள் என்று கேட்டார். "ஒப்பந்தம் முடியும் நாளையாக இருக்கலாம். நான் எண்ணியது என் மகளின் வயதை" என்றாள். பச்சைத் தொப்பி அம்மாள் எழுந்து போகும்போது பவானியின் கையைப் பிடித்து, கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தார்.

எல்லாரும் போன பிறகு பார்த்தால் அறை முழுக்கச் சேறு. முப்பது ஜோடிச் செருப்பின் தடம் சமையலறை வரைக்கும் நீண்டிருந்தது. நான் பழக்கதோஷத்தில் வாளியைத் தேடினேன்.

பவானி குடையை விரித்தாள்.

"விடுங்கோ அக்கா. இண்டைக்கு நான் கதைக்க வந்தனான். இது திங்கட்கிழமை வேலை. வாங்கோ, பஸ் வரப்போகுது."